வாயைத் திறந்தபடி ஒரு விவாதம்
வெள்ளை விளக்கொளி முகத்தில் கொட்ட, பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி சாய்ந்து கிடக்கிறார் தபால்காரர். துளைக்கும் கருவி ஙொய்ங்கென்று பாடுகிறது. மேஜையில் டாக்டரம்மா படித்துக்கொண்டிருக்கும் விண்வெளி நாவல் தொடரின் ஆறாம் பாகம் செங்கல் கனத்தில் உட்கார்ந்திருக்கிறது. "கிரகத்தையெல்லாம் அப்படியே கண்ணு முன்னாடி நிறுத்திடுறாங்க. ஆனா மனுஷங்க? ராணியும் ரோபோவும் ஒரே மாதிரி பேசுது. தளபதி ஒருத்தருக்காகத்தான் படிக்கிறேன்," என்கிறார் டாக்டரம்மா. பத்துப் பாகங்களையும் கரைத்துக் குடித்த தபால்காரருக்கு ரத்தம் கொதிக்கிறது. "ஆ! ஆ!" என்று மறுக்கிறார். "பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க!" என்று பஞ்சைத் திணிக்கிறார் டாக்டரம்மா. பஞ்சு வெளியே வந்ததுதான் தாமதம், மரத்துப்போன நாக்கைப் புரட்டித் தபால்காரர் பழிதீர்க்கிறார்: "தளபதி ஏழாம் பாகத்துல செத்துடுவாரு." டாக்டரம்மா கருவியை மறுபடி கையிலெடுக்கிறார். இடப்பக்கக் கடைவாய்ப்பல் இன்னும் பாக்கி என்பது தபால்காரருக்கு அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.