பதினோராவது போர்வை

“அங்கிள், லொஃப்ட்டில இருக்கிறதெல்லாம் இறக்கினாத்தான் ஃபண்டிங் வரும்” என்றாள், ஏணியில் நின்று கூரைக்கடிப் பரணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்த ஜதுர்ஷிகா.

வீட்டைச் சோதித்து அறிக்கை கொடுக்கக் கம்பனி அனுப்பிய பெண். இந்த வசனத்துக்குப் பயந்துதான் ஐந்து குளிர்காலமாக அவளைப் போன்றவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. காஸ், கறண்ட் விற்கிற கம்பனிகள் தங்கள் செலவில் கூரைக்குள் பஞ்சு விரித்து, வீட்டைச் சூடாக்கும் பொய்லரும் மாற்றித் தருகின்றன. தரச் சொல்லிச் சட்டம் இருக்கிறது, இல்லாவிட்டால் தருவார்களா? வீட்டில் நெஞ்சுக் கோளாறுகாரர் இருந்தால், டொக்டரின் கடிதமும் கைகொடுக்கும்.

எங்கள் வீட்டில் என் மனைவி றோஸ்மலர் இருக்கிறாள். மார்கழி பிறந்தால் அவளுடைய மூச்சுச் சத்தம் கீழ் அறைவரை கேட்கும்.

ஆனாலும் நான் சாட்டுச் சொன்னேன். ஏமாற்றுக்காரர், சுவர் ஊறும், கள்ளர் நோட்டம் பார்க்க வருகிறார்கள். அவள் ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் மூன்றாவதைப் போட்டுக்கொண்டாள்.

இந்த வருடம் மகள் றூபினி எங்களைக் கேட்காமலே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

ஜதுர்ஷிகாவை இறங்கச் சொல்லிவிட்டு நானே ஏறினேன். அறுபத்தெட்டு வயது முழங்கால் ஒவ்வொரு படியிலும் முறைப்பாடு சொன்னது. பரவாயில்லை. ஒரு பொதி மட்டும் என் கைக்குத்தான் வரவேண்டும்.

றோஸ்மலர் மாடிப்படியின் மேல்தட்டில் வந்து உட்கார்ந்தாள், கையில் இன்ஹேலரோடு.

லொஃப்ட் முழுக்கப் போர்வைகள்.

தொண்ணூறுகளில் ஊரிலிருந்து ரெய்னர்ஸ் லேனுக்குப் புதிதாக வந்து இறங்குகிற பெடியளுக்கெல்லாம் இந்த வீட்டு விலாசம் பாடமாக இருந்தது. எந்த நேரமும் ஆறேழு பேர். ஒருவன் ஷிப்டுக்கு எழும்ப, மற்றவன் அந்தச் சூட்டிலேயே படுப்பான். ஞாயிறு பூசை முடிய எல்லாப் போர்வையும் ஒன்றாக லோண்ட்ரிக்குப் போகும். திரும்பி வந்ததும் எது யாருடையது என்று சண்டை.

அதனால் றோஸ்மலர் ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் ஆளின் முதலெழுத்தைத் தைத்தாள். கனடாவுக்கோ கலியாணத்துக்கோ போகிறவன் போர்வையை அடுத்தவனுக்கு விட்டுப் போவான். பழைய எழுத்துக்குக் கீழே புது எழுத்து ஏறும்.

எங்களோடு இருந்த பத்மநாதன் அண்ணை நெஞ்சடைத்து இறந்துபோனபோது அவருடைய எழுத்துக்கு மேலே ஒரு சின்னச் சிலுவை தைத்தாள். அவர் சைவமாச்சே என்று பெடியள் பகிடி பண்ணினார்கள். தனக்குத் தெரிந்த மரியாதை அதுதான் என்றாள்.

ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். றோஸ்மலர் மூலையைத் தடவிப் பெயர் சொன்னாள். சுஜீத். சப்பாத்தோடு படுக்கிறவன், இப்போது கனடாவில், ஸ்காபுரோவில் பெரிய முதலாளி. றொமேஷ். கறிச்சட்டியைப் பாணால் துடைத்து, கழுவுகிற வேலையே வைக்காதவன். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. எனக்கு அந்த நாட்கள் அப்படியே திரும்ப வேண்டும்போல இருந்தது. ஹீட்டர் ஒரு மணித்தியாலம்தான் ஓடும். ஆனால் அந்த வீடு குளிர்ந்ததாக எனக்கு நினைவே இல்லை.

பத்து முடிந்தது.

பதினோராவது அடியில் கிடந்தது. பொலித்தீன் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியது. யாரும் போர்க்காதது.

அது றூபனுக்காகச் சவுத்தாலில் புதிதாக வாங்கியது. றூபன் அவளுடைய ஒரே தம்பி. ஏஜென்சிக்காரன் அவனை ஊரிலிருந்து கள்ளப் பாதையில் அனுப்பிவிட்டான் என்று அறிந்த அன்றே எழுத்தைத் தைத்துவிட்டாள்.

தை மாதம் ஒரு போன் வந்தது. எல்லைக் காட்டில், பனிக்குள் நடந்தபோது, குளிர் தாங்காமல் விழுந்துவிட்டானாம். நான்தான் எடுத்தேன். றோஸ்மலருக்கு அப்போது ஆறு மாதம்.

பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறந்தது. றூபினி என்று அவளே பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு என்னவென்று சொல்வது? தொடர்பில்லை, தொடர்பில்லை என்றே சொல்லி வந்தேன்.

பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு முதல்நாள் அவளே அதை மடித்துக் கட்டி, மேலே வைக்கச் சொல்லித் தந்தாள். வாங்கி வைத்தேன். அதற்குப் பிறகு அவள் அவனைப் பற்றிக் கேட்கவுமில்லை, நான் பேசவுமில்லை. அதைத் திரும்பக் கண்டால் கேட்பாள் என்று பயந்தேன். இருபத்தெட்டு வருடப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல எனக்கு ஏலாது.

குப்பைப் பையைக் கேட்டு வாங்கி, பொதியை அதற்குள் திணிக்கப் பார்த்தேன். உக்கிய சணல் அறுந்தது. போர்வை கையை விட்டு வழுகி, ஏணிப்படிகளில் விரிந்து, றோஸ்மலரின் மடியில் போய் விழுந்தது.

மூலை மேலே தெரிந்தது. சிவப்பு நூலில் ‘றூ’.

அதற்கு மேலே ஒரு சின்னச் சிலுவை.

நெருக்கமான, நேரான தையல். அவளுடைய விரல்கள் முடங்கி ஊசி பிடிக்க ஏலாமல் போய்ப் பத்து வருடம். அன்று அவள் கட்டித் தந்த கட்டை இன்றுவரை யாரும் அவிழ்க்கவில்லை.

யார் சொன்னார்கள்? எப்போது அறிந்தாள்? ஏணியைப் பிடித்தபடி நின்றேன்.

அவள் போர்வையை உதறி, இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினாள்.

“மெல்ல இறங்கி வாங்கோ. வந்து இதைப் போருங்கோ. உங்களுக்கு நடுங்குது.”