நண்டு போட்ட எல்லை

ஒரு வயலில் ஒன்பது தவளைகளும் ஆறு நண்டுகளும் இருந்தன. வரப்பில் வளை தோண்ட வேண்டும் என்பது நண்டுகளின் கட்சி. தோண்டினால் தண்ணீர் ஓடிவிடும், கூடவே கூடாது என்பது தவளைகளின் கட்சி. சரி, மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் சொல்கிறபடி செய்வோம் என்று முடிவானது.

தொகுதிக்கு ஐந்து ஓட்டு. தாவுகிற தவளைக்குக் கோடு போட வராது என்பதால் சேற்றில் எல்லை போடும் வேலை நண்டிடம் போனது.

"என்னப்பா, கோடு இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்றது ஒரு தவளை.

"என் நடையே அப்படித்தானே!" என்றது நண்டு. தவளைகள் சிரித்துவிட்டன.

முதல் தொகுதியில் ஐந்தும் தவளைகள். ஐந்து ஓட்டையும் அள்ளிய தவளையைத் தூக்கிவைத்துக் கொண்டாடின. மற்ற இரண்டிலும் மூன்று நண்டு, இரண்டு தவளை. இரண்டிலும் நண்டே ஜெயித்தது.

ஒரே வாரத்தில் வரப்பு முழுக்க வளை. தண்ணீர் வடிந்து சேறு வெடிக்கத் தொடங்கியது.

"நாங்க ஒன்பது பேர், நீங்க ஆறு பேர். கோட்டை அழிச்சுட்டு மறுபடி போடணும்," என்றது ஜெயித்த தவளை.

"நியாயம்தான்," என்றது நண்டு. "உறுப்பினர் மூணு பேரும் இங்கேயே இருக்கோம். ஓட்டுக்கு விட்டுடலாமா?"