ஒன்பதாவது சாவி

பட்டப்பகல் மூன்று மணிக்கு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவர் பூட்டுக்குள் கம்பியை விட்டார். நாலே நிமிடம். கதவு திறந்துகொண்டது.

திருடன் இல்லை. அவருக்குத் தொழிலே பூட்டு. இந்தக் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். சொந்த வீட்டுச் சாவியைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. இந்த வருடத்தில் இது ஒன்பதாவது.

எட்டாவது தொலைந்த அன்று மனைவி சத்தம்கூடப் போடவில்லை. மகளின் தண்ணீர் பாட்டில் கயிற்றை எடுத்துக் காட்டினாள்.

"இன்னொண்ணு தொலைஞ்சா, இதுல கோத்து உங்க கழுத்துல மாட்டிடுவேன். கடைக்கும் அப்படியேதான் போகணும்."

சொன்னால் செய்கிறவள். பூட்டுக்காரர் கழுத்தில் சாவி தொங்கினால் கடைத்தெருவே கைகொட்டிச் சிரிக்கும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மகளுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று டாக்டரிடம் போன இடத்தில், ஒவ்வொரு கேள்விக்கும் மகளை முந்திக்கொண்டு இவர் ஆமாம் போட்டார். கடைசியில் டாக்டர் இரண்டு மருந்துச் சீட்டு எழுதினார். இரண்டிலும் ஏடிஹெச்டி.

இன்று டிரில் மெஷினை எடுக்கத்தான் வீட்டுக்கு வந்தார். யாரோ அனுப்பிய பீரோப் பூட்டின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே படியேறினார். கதவுக்கு முன் நின்று பாக்கெட்டைத் தடவியபோதுதான் விஷயம் புரிந்தது. டிரில் மெஷின் அதோடு மறந்துபோயிற்று.

மகளை அழைத்துக்கொண்டு மனைவி வர ஐந்து மணியாகும். அதற்குள் அவளைக் குளிர்விக்கிற மாதிரி ஏதாவது செய்தாக வேண்டும்.

உள்ளே போனவர் அசந்து நின்றார். சோபா எதிர்ச்சுவர் பக்கம் போயிருந்தது. ஜன்னலில் மஞ்சள் கர்ட்டன். போன மாதம் அவள் கர்ட்டன் மாற்றியதைப் பதினோரு நாள் அவர் கவனிக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் வீடு இரண்டுபட்டது. இன்று வாசலிலேயே கண்ணில் பட்டுவிட்டதே! மாத்திரை வேலை செய்கிறது.

அந்த உற்சாகத்தில் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். நாலாவது தட்டில் அலமாரிக் கதவு கீச்சென்றது. கையைத் துடைத்துக்கொண்டு அதைக் கழற்றினார். கீலுக்கு எண்ணெய் தேடியதில் ஒரு டப்பா முந்திரி அகப்பட்டது. இத்தனை நாளாகத் தன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். கோபத்தில் பாதி டப்பா காலியாயிற்று. குழாய் ஓடும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் ஐந்தாவது தட்டுக்குத் திரும்பினார்.

நாலரைக்குச் சமையலறை பளபளத்தது. அவள் வரும்வரை பொறுக்க முடியவில்லை. போன் போட்டார்.

சாவி தொலைந்ததை முதலிலேயே ஒப்புக்கொண்டார். கம்பி போட்டுத் திறந்ததையும் சொன்னார். அவள் வாய் திறப்பதற்குள் பாத்திரம், அலமாரி, கீல் என்று அடுக்கினார். முந்திரியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

"அப்புறம் இன்னொண்ணும்மா. சோபாவ நகத்திப் போட்டது நல்லா இருக்கு. அந்த மஞ்சள் கர்ட்டன் எடுப்பா இருக்கு. நானாவே கவனிச்சேன், பாத்தியா."

இதற்கே உருகியிருப்பாள் என்று நினைத்தார். கழுத்து தப்பியது.

மகளுக்கு இன்று அரை நாள்தான் பள்ளிக்கூடம், தானும் லீவு என்று காலையில் மூன்று தடவை சொன்னதை, ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டியதோடு சேர்த்து, அவள் நினைவுபடுத்தினாள்.

"நாங்க ரெண்டு மணிலேருந்து வீட்லதாங்க இருக்கோம். நீங்க யார் வீட்ல இருக்கீங்க?"