சிட்டிபாபுவுக்கு ஒரு டீ

டீசல் டேங்கின் மூடியை யாரோ திருகும் சத்தம் கேட்டு சவுரிமுத்து கண்ணைத் திறந்தான். எழவில்லை.

பட்டப்பகல், மூன்று மணி. பெருங்களத்தூர் பைபாஸ் ஓரம். தூத்துக்குடியிலிருந்து ஏற்றிவந்த உப்பை ராயபுரத்தில் இறக்க வேண்டும். ஆனால் பகலில் லாரியைச் சென்னைக்குள் விடமாட்டார்கள். இருட்டும்வரை இங்கே கேபினில் படுத்துக் கிடப்பதுதான் வழக்கம்.

ஒன்பது மாதத்துக்கு முன் விழுப்புரத்தில் இப்படிப் படுத்திருந்தபோது டேங்கையே உறிஞ்சிவிட்டுப் போனார்கள். இன்னொரு தடவை நடந்தால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்றார் முதலாளி. துணைக்கு ஒரு கிளீனரைக் கேட்டதற்குச் சிரித்தார்.

எனவே சவுரிமுத்து தானே ஒரு கிளீனரைப் போட்டுக்கொண்டான்.

பெயர் சிட்டிபாபு. ஆறடி உயரம், முன்கோபி. சம்பளம் கிடையாது. ஆளே கிடையாது.

வண்டி நிற்கும் இடமெல்லாம் கேபினைப் பார்த்து சிட்டிபாபுவை நாலு திட்டு திட்டுவான். கதவுக்குக் கீழே இரண்டு ஜோடி செருப்பு வைப்பான். டீ இரண்டு கிளாஸ் வாங்கி, கேபினுக்குள் கொண்டுபோய் இரண்டையும் அவனே குடிப்பான். அதில் தூக்கம் கெட்டது. அதுவும் ஒரு காவல்தானே என்று தேற்றிக்கொண்டான். உளுந்தூர்பேட்டையில் ஒருவர் சிட்டிபாபுவுக்கு வரன் சொல்லும் அளவுக்குப் போய்விட்டது.

எதிரே டீக்கடை அமலராணியைப் பார்த்தால் அவனுக்குப் பொறாமை. அவளுக்கு நிஜமாகவே துணை இருந்தது. புருஷன் தேவானந்தம், நைட் வாட்ச்மேன். பகலெல்லாம் கடைக்குள் கோணித் திரைக்குப் பின்னால் தூக்கம். திரைக்கு வெளியே பதினோராம் நம்பர் பூட்ஸ். குடித்துவிட்டு வம்பு பேசுகிறவர்கள் வந்தால், அமலராணி திரையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். கிளாஸை வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

இப்போது டேங்க் அருகே இரண்டு பேர். ஒருவன் கையில் கேன், மற்றவன் கையில் ரப்பர் குழாய்.

"டேய் சிட்டிபாபு, ஜாக்கி ராடை எடுத்துக்கினு அந்தாண்ட எறங்குடா."

இருவரும் அந்தப் பக்கக் கதவைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கதவு திறக்கவில்லை.

இரண்டாவது முறை கூப்பிட்டபோது சவுரிமுத்துவின் குரல் கீச்சென்று வந்தது. கேன்காரன் சிரித்தான். கேனைக் கீழே வைத்துவிட்டு கேபினை நோக்கி நடந்து வந்தான்.

"யோவ், எழுந்துருய்யா. டிரைவரண்ணா வண்டில கை வெச்சிட்டானுங்க பாரு."

அமலராணிதான். சொன்ன கையோடு திரைக்குப் பின்னால் தடாலென்று ஒரு சத்தம். கடையே அதிர்ந்தது.

இருவரும் அந்த பூட்ஸைப் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் அவர்கள் பைக்கின் புகைதான் மிச்சம். கேனைக்கூட எடுக்கவில்லை.

சவுரிமுத்து இறங்கி ஓடினான். தேவானந்தத்துக்கு நேரிலேயே ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று திரையை விலக்கினான்.

பெஞ்சின் மேல், போர்வை போர்த்திய இரண்டு சர்க்கரை மூட்டைகள். கீழே உருண்டு கிடந்த நாலு எண்ணெய் டின்கள். ஒரு டின்னின் கைப்பிடியில் கட்டிய கயிறு டீ அடுப்பு வரை போயிருந்தது.

குனிந்து பூட்ஸை எடுத்துப் பார்த்தான். அடியில் ஒரு பொட்டு மண் இல்லை.

அமலராணி இரண்டு கிளாஸ் டீ ஆற்றி, ஒன்றை அவனிடம் நீட்டினாள். வழக்கம்போல இன்னொன்றுக்கும் கை நீட்டினான். அதை அவள் கொடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தானே ஒரு வாய் குடித்தாள்.

"எட்டு மாசமா ஒருவாட்டிகூட ஒன்னுக்கு எறங்காத கிளீனரை நான் எங்கியும் பார்த்ததில்லண்ணா."