சிம்னிக்கு முட்டு

புருஷன் பஸ் ஏறிவிட்டாரா என்று திரைச்சீலையை விலக்கிப் பார்த்த பிறகுதான் செல்வநாயகி பின்கதவைத் திறந்தாள். ராம்சாமி சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே நுழைந்தான்.

"பக்கத்து வீட்டில ஒருத்தரும் பாக்கேல்லையே?"

"இல்லம்மா. யாரும் பாக்கல."

கண்டவர்கள் கதைகட்டியிருப்பார்கள். ஆனால் ஒனிஹங்காவின் அந்தப் பழைய மரவீட்டுக்குள் அன்று நடந்தது வெறும் தச்சுவேலை. பிஜியில் ஆட்சி கவிழ்ந்தபின் நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்த தச்சன் ராம்சாமி.

பெரியபிள்ளையான மகள் கௌரியின் சாமத்தியச் சடங்குக்கு வீட்டு ஹோலில் இடம் காணாது என்று, புருஷன் நவரத்தினம் சுவரோடு நின்ற கணப்பையும் அதற்கு மேலிருந்த செங்கல்லையும் சீலிங் வரைக்கும் தன் கையாலேயே இடித்து எடுத்திருந்தார். அதற்கு மேலே, கூரைக்குள்ளும் வெளியிலும், மிச்சச் சிம்னி அப்படியே அந்தரத்தில் நின்றது.

"அதுக்கு முட்டுக் குடுக்கவேணுமப்பா. பிள்ளையள் கீழ இருக்கிறதுகள்" என்று செல்வநாயகி சொல்லிப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துக் கட்டு. அது தன்ரபாட்டில நிக்கும். கணக்குப் படிச்சது நீரோ, நானோ?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். அவரோடு வாதாடுவதைவிட அவருக்குத் தெரியாமல் செய்துவிடுவது லேசு என்பது அவள் இல்லறத்தில் கற்ற பாடம்.

ராம்சாமி தடித்த மரங்களைக் கூரைக்குள் ஏற்றிச் சிம்னிக்கு அடியில் தாங்கலாகப் பூட்டினான். குளிருக்கு விரித்திருந்த கண்ணாடிப் பஞ்சில் புரண்டதில், கழுத்தையும் கையையும் சொறிந்துகொண்டே இறங்கி வந்தான்.

"இந்த மரம் இருக்கிற வரைக்கும் பயமில்லம்மா. ஐயாகிட்ட மட்டும் சொல்லிடுங்க."

"ஓம், சொல்லுறன்."

சொல்லவில்லை. கணக்குப் படித்த மனிதரின் மானத்தை ஏன் கப்பலேற்ற வேண்டும்?

அந்த மாரியில் அடித்த புயலில் பக்கத்து வீட்டு வேலி சாய்ந்தது. சிம்னி அசையவில்லை. நவரத்தினத்தைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கும் அண்ணாந்து பார்க்கச் சொல்லி விளக்கம் கொடுத்தார்.

"பாத்தீரே? எப்பிடி நிக்குது?"

"ஓமப்பா. நீங்கள் சொன்னதுதான் சரி" என்றாள் செல்வநாயகி. வீடும் தப்பியது, மானமும் தப்பியது என்று அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சடங்கு நெருங்கியதும் புதுப் பிரச்சினை வந்தது. கௌரியை இருத்தும் மணவறைக்கு எங்கே போவது? இந்த ஊரில் வாடகைக்குக் கொடுக்க ஆளில்லை. "அதை என்னட்ட விடும்" என்றார் நவரத்தினம். பின்னேரங்களில் சிநேகிதர் சோதிலிங்கத்தின் கராஜில் வாள் அறுக்கும் சத்தம் கேட்டது. கழுத்தைச் சொறிந்தபடியேதான் சாப்பிட வந்து உட்காருவார்.

"என்னப்பா, இப்பிடிச் சொறியிறியள்?"

"மரத்தூளப்பா."

சடங்கன்று வந்தவர்கள் மணவறையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். தேக்கு நிறத்தில் மினுங்கும் தடித்த தூண்கள், மேலே தங்கக் காகிதம், பூச்சரம். பழைய கணப்பு நின்ற இடத்தில் அதை நிறுத்தி, கௌரியைப் பட்டுச் சேலையில் உட்கார வைத்தார்கள். ஹோல் நிறையச் சனம், குழந்தைகள் முன்வரிசையில். செல்வநாயகி ஆரத்தித் தட்டோடு நின்றாள். புருஷனை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

சோதிலிங்கத்தின் மனைவி வசந்தமலர் தூணைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல வைரமான மரம். எங்க வாங்கினனீங்கள் அண்ணை?"

நவரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வாங்கிறதோ? மேல சிம்னிக்குக் கீழ சும்மா நிண்ட மரம், தங்கச்சி."