ராணி வாசனை இல்லாத குருணை

எறும்புப் புற்றுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி இரண்டு நாளாகிவிட்டது. பக்கத்துப் புற்று எறும்புகள் ஆளுக்கொரு அரிசிக் குருணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. வாசலில் காவல் எறும்பு மறித்தது. உள்ளே போவது, வெளியே வருவது எதுவானாலும் முகர்ந்து பார்த்துத்தான் அது விடும்.

"இதுல எங்க ராணி வாசனை இல்லையே. உள்ளே விட முடியாது."

"குஞ்சுங்க பசியில கிடக்குமே!"

"யார் சொன்னது? ராணி புற்றைக் கழுவுறாங்க, அவ்வளவுதான்." சொன்ன காவல் எறும்பின் கால்கள் தண்ணீருக்குள் இருந்தன.

அடுத்தவர் வீட்டில் எப்படி நுழைவது என்று தயங்கி, வந்தவை வாசலிலேயே நின்றன. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அழுகை சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது.

மறுநாள் உத்தரவு வந்தது: ராணி வாசனையைத் தடவிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். காவல் எறும்பு ஒவ்வொரு குருணையாகத் தடவி வைத்து, உள்ளே குரல் கொடுத்தது. யாரும் வரவில்லை. வழிந்த தண்ணீரில் குஞ்சுகள் மிதந்து வந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

பக்கத்துப் புற்று எறும்புகள் தூக்க ஓடின. காவல் எறும்பு அவற்றை நிறுத்தியது. குனிந்து ஒவ்வொரு குஞ்சாக முகர்ந்தது.

"எல்லாம் எங்க ராணி வாசனைதான்," என்று சொல்லி வழிவிட்டது.