ஆகஸ்ட் பதினேழின் இரவு

வரிக் கணக்கு திரும்பி வந்திருந்தது.

அவள் மின்னஞ்சலை மூன்று முறை படித்தாள். மகள் ஆதிரையின் பெயர் ஏற்கெனவே இன்னொருவர் கணக்கில் காட்டப்பட்டிருக்கிறதாம்.

இன்னொருவர் யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை. அடுப்பை அணைத்துவிட்டுச் சிவபாலனை அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். உட்கார முடியவில்லை.

விவாகரத்தாகி இரண்டு வருடம். டாலஸில் இரண்டு வீடு. வாரம் ஒரு வீட்டில் மகள்.

யார் வீட்டில் அதிக இரவுகள் தூங்கினாளோ, அவர் கணக்கில்தான் பிள்ளை, அவருக்குத்தான் வரிச் சலுகை. அமெரிக்க வரிச் சட்டம் அப்படி.

எண்ணிப் பார்த்துத்தான் போட்டேன் என்றான் அவன்.

போன வருடக் காலண்டரைத் தேடி எடுத்து அவளும் எண்ணினாள். ஜன்னலோரம் போய் நின்று, முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

அவளுக்கு நூற்று எண்பத்திரண்டு. அவனுக்கும் அதே.

மிச்சம் ஓர் இரவு. ஆகஸ்ட் பதினேழு, ஞாயிறு.

அன்று ஆதிரைக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. அவள் தூங்கியது இரண்டு வீட்டிலுமில்லை. மருத்துவமனையில்.

என் வாரம் அது என்றான் அவன். ஞாயிறு சாயங்காலமே முறை மாறிவிட்டது என்றாள் அவள். மருத்துவமனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்றான். மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் இருந்தது யார் என்றாள்.

பணத்துக்காக இல்லை என்று இருவருமே சொன்னார்கள்.

"அவ என் பொண்ணு. விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அவன் சொன்னதையே அவளும் சொன்னாள். இன்னும் சத்தமாக.

திரும்பினாள். சமையலறை வாசலில் ஆதிரை. ஒன்பது வயது. கையில் பல் துலக்கும் பிரஷ்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அன்னைக்கு நான் தூங்கவே இல்லம்மா."

வலித்ததா என்று கேட்டாள்.

ஆதிரை இல்லையென்று தலையசைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கதவுக்கு வெளிய பேசிட்டிருந்தீங்க. நீயே வச்சுக்கோ, நீயே வச்சுக்கோன்னு."

அவனுக்கு மறுநாள் வெளியூர்ப் பயணம். அவளுக்குப் புது வேலையில் முதல் வாரம். யார் விடுப்பு எடுப்பது என்று தொடங்கிய பேச்சு அது.

இதை எந்த வயதுப் பிள்ளைக்கு, எப்படிச் சொல்வது.

போனில் சிவபாலன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.

ஆதிரை அசையவில்லை. பதில் சொல்லலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவள் காலண்டரை மூடினாள். போனை மகள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.